விரைவுக் கனசதுரமும் அதனைச் செய்வோரும்

சென்ற கோடை விடுமுறையில் எம் தம்பி ஒரு போட்டிக்குச் சென்று மீண்டான். அவனுக்கு வயது பதினான்கு. எம் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி. பெரியோர் ரூபிக் கனசதுரம் என்றும் சிறுவர் 'கியூப்' என்றும் வழங்கும் அறுநிறத் திருகுபொருளை மிகக் குறைந்த நேரத்தில் ஒழுங்குசெய்யும் போட்டி அது. அவன் பரிசு ஏதும் பெற்றிலன். பெயர்ப்பட்டியலின் கீழ்ப்பாதியிலேதான் அவன் பெயர் காணப்பட்டது. ஆயினும் அவன் பெற்ற சராசரி 21.64 விநாடி. 1982 ஜூன் திங்களில் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் நிகழ்ந்த முதல் உலகப் போட்டியில், வியட்நாமிலிருந்து அமெரிக்கா சென்று வாழ்ந்த மின் தாய் என்னும் மாணவர் வாகை சூடினார். அவர்தம் முயற்சிகளுள் சிறந்த ஒன்றிற்கு ஆன நேரம் 22.95 விநாடி. உலகை வென்றவரை எம் வீட்டுச் சிறுவன் வென்றனன் என்று அன்றிரவு அனைவரும் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி அடங்கிய பின் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவன் குறைத்த அந்நேரம் யாருடையது? அவன் விரல்களுடையதோ, விரல்களுக்குள் இருந்த கருவியைச் செய்தோருடையதோ? இவ்வையமே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

கனசதுரத்தின் பிறப்பை நம் கல்லூரியில் அறியாதார் சிலரே. புடாபெஸ்ட் நகரில் கட்டடக் கலையும் வடிவமைப்பும் பயிற்றிய எர்னோ ரூபிக் என்னும் ஆசிரியர் 1974 இல் இதனை இயற்றினார். 1980 இல் ஐடியல் என்னும் அமெரிக்க விளையாட்டுப்பொருட் கம்பெனியார் இதனை உலகெங்கும் பரப்பினர். வெளியே காணும் சிறு கட்டைகள் 26. அவற்றுள் நடுக்கட்டை 6, விளிம்புக்கட்டை 12, மூலைக்கட்டை 8. இவை கொள்ளக்கூடிய நிலைகளோ 43,252,003,274,489,856,000. நம் கணக்கிற் கூறின், ஏறக்குறைய நான்கு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் கோடி கோடி. இத்துணை நிலைகளுள் எதனையும் இருபது திருப்பங்களுக்குள் ஒழுங்குசெய்தல் கூடும் என்று 2010 இல் கணிப்பொறிகளின் துணையால் நிறுவினர். மனிதர் கையாளும் விரைவு முறைகளுக்கு ஐம்பது அறுபது திருப்பங்கள் வேண்டும். அறுபது திருப்பங்களை ஆறு விநாடியில் முடிப்பார்க்கு ஒரு விநாடிக்குப் பத்துத் திருப்பம் என்றாகிறது. இக்கணக்கைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ளல் நலம். பின்னர் இது வேண்டப்படும்.

இனி, கட்டையின் உள்ளே செல்வோம். இதனைப் பிரித்துப் பாராதார், சிறு கட்டைகள் ஒன்றோடொன்று ஏதோ கயிற்றாலோ பசையாலோ பிணைக்கப்பட்டன என்றே எண்ணுவர். யாமும் பன்னிரண்டு வயது வரை அங்ஙனமே எண்ணியிருந்தோம். உண்மையில் நடுவே ஆறு கைகளையுடைய ஒரு சிலுவை போன்ற உறுப்பு உளது. அதன் ஒவ்வொரு கையிலும் ஒரு நடுக்கட்டை, திருகாணியாலும் ஸ்பிரிங்கினாலும் பொருத்தப்பட்டுள்ளது. விளிம்புக்கட்டைகள் தம் பாதங்களை நடுக்கட்டைகளின் அடியில் நுழைத்து நிற்கின்றன. மூலைக்கட்டைகள் விளிம்புக்கட்டைகளின் அடியில் நுழைந்து நிற்கின்றன. ஒன்றையொன்று தாங்கி நிற்றலன்றி வேறு பிணிப்பு எதுவும் இல்லை.

இவ்வமைப்பே அதன் அழகும் அதன் இடர்ப்பாடும் ஆயிற்று. பழைய கட்டையில் உட்பரப்புக்கள் சதுரமாய் வெட்டிய விளிம்புடையன. ஓர் அடுக்கைத் திருப்பி, அது முற்றும் நேராய் நின்றாலன்றி, அதற்குக் குறுக்கான அடுக்கு அசையாது. சிறிது கோணினும் மூலையும் மூலையும் முட்டிப் பூட்டிக்கொள்ளும். சரி, திருகாணியைத் தளர்த்துவோம் எனின், விளிம்புக்கட்டை தெறித்து மேசைக்கு அடியில் ஓடும். இறுக்கினால் விரைவில்லை, தளர்த்தினால் உடம்பே கலைந்துபோம். இவ்விரண்டிற்கும் இடையே வழி தேடிய வரலாறே விரைவுக் கனசதுரத்தின் வரலாறு என்று கூறுதல் மிகையாகாது.

முதலில் வழி தேடியோர் போட்டியாளரே. அவர் கட்டைகளைப் பிரித்து உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தனர். வழுவழுப்பிற்காக வாசலீன் பூசினர். வாசலீன் நாளடைவில் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்று அறிந்தபின் சிலிகோன் எண்ணெயை நாடினர். 1982 ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின் இவ்விளையாட்டு ஓய்ந்து கிடந்தது. இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2003 இல், கனடா நாட்டு டொராண்டோ நகரில் இரண்டாம் உலகப் போட்டி கூடிற்று. அதில் வென்ற டான் நைட்ஸ் என்பாரின் சராசரி 20.00 விநாடி. படிப்போர் இங்குச் சிறிது நிற்க வேண்டுகிறோம். 1982 ஆம் ஆண்டுப் போட்டியில் தாமும் கலந்துகொண்ட ஜெசிகா பிரிட்ரிக் அம்மையார் வளர்த்த விரைவுமுறை அதற்குள் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவிவிட்டது. முறை இருந்தது, பயிற்சியும் இருந்தது. அங்ஙனமிருந்தும் 22.95 என்பது 20.00 அளவிற்கே இறங்கிற்று. அதன்பின் எட்டே ஆண்டுகளில், 2011 ஜூனில், ஆஸ்திரேலிய நாட்டுச் சிறுவர் பெலிக்ஸ் செம்டெக்ஸ் ஒரு முயற்சியை 5.66 விநாடியில் முடித்தார். இடையே நிகழ்ந்தது யாது?

நிகழ்ந்தன பல. 2004 இல் உலகக் கியூப் சங்கம் தோன்றி, எங்கும் ஒரே விதியாகப் போட்டிகள் பெருகின. ஆனால் எம் பொருளுக்கு வேண்டுவது மற்றொன்று. ரூபிக்கிற்கு அமெரிக்காவில் இருந்த காப்புரிமை 2000 ஆம் ஆண்டளவில் காலாவதியாயிற்று. கனசதுரத்தின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் கொண்டு உரிமை கோரிய வழக்கும், 2016 இல் ஐரோப்பிய உயர்நீதி மன்றத்தில் உரிமையாளர்க்கு மாறாகவே முடிந்தது. ஆகவே பிறரும் கட்டை செய்யலாயினர். சீன நாட்டின் தென்கோடியில் ஷாந்தோ நகரைச் சார்ந்த செங்ஹாய் என்னும் ஊர் விளையாட்டுப்பொருள் செய்தற்குப் பெயர்பெற்றது. பிளாஸ்டிக் அச்சு வெட்டும் தொழில் அங்குத் தெருவெங்கும் நடைபெறுவது. புதிய கட்டைகள் பெரும்பாலும் அந்நாட்டிலிருந்தே வந்தன. அவற்றைச் செய்தோருள் பலர் வெறும் வணிகரல்லர். தாமே கியூப் திருப்பி, விரலில் அதன் குறையை உணர்ந்தவர்.

அவ்வரிசையில் முதற்கண் கூறத்தக்கது தாயான் என்னும் பெயருடன் 2010 அளவில் வெளிவந்த குஹோங் கட்டை. இதன் உட்பரப்புக்கள் வளைவாக வெட்டப்பட்டிருந்தமையால், ஓர் அடுக்கு நேராய் நில்லாதபோதும் குறுக்கடுக்குத் தடையின்றித் திரும்பிற்று. போட்டியாளர் இதனை 'மூலை வெட்டுதல்' என்ப. அடுத்த ஆண்டில் வந்த ஜான்சி என்னும் கட்டை, விளிம்புக்கட்டையின் பாதத்தில் சிறு சிறகு போன்ற உறுப்பொன்றைச் சேர்த்து, தெறித்தோடும் குறையையும் பெரிதும் நீக்கிற்று. பின்னர்ச் செங்ஹாயில் மோயூ என்னும் நிறுவனத்தார் 2013 முதல் வெய்லோங் முதலிய கட்டைகளைக் கொணர்ந்தனர். சீயி என்பார் நெதர்லாந்து நாட்டுப் போட்டியாளர் மாட்ஸ் வால்க்கின் பெயரால் 2016 இல் ஒரு கட்டையை வெளியிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் இந்தோனேசியாவில் அவ்வால்க் 4.74 விநாடியில் உலகச் சாதனை செய்தார்.

இவருள் 'கான்' என்னும் நிறுவனத்தின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. குவாங்ஜோ நகரத்து ஜியாங் கான்யுவான் என்பார் முதலில் போட்டியாளர், பின்னரே தொழிலாளர். தம் பெயரின் முற்பகுதியையே நிறுவனத்திற்கு இட்டு, 2014 இல் இதனைத் தொடங்கினார். இந்நிறுவனத்தின் புகழ்பெற்ற கட்டை 356 என்னும் எண்ணால் வழங்கும். இவ்வெண் எமக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஏதோ சீன நம்பிக்கை போலும் என்று எண்ணினோம். பொருள் எளிது: 3 என்பது மூன்றடுக்கு, 56 என்பது பக்கத்தின் அளவு மில்லிமீட்டரில். ரூபிக்கின் கட்டையோ 57 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரைக் குறைத்ததையும் பெயரில் ஏற்றிச் சொல்ல ஒருவர் துணிந்தாரெனின், அவர் எத்தகைய நுகர்வோரை எண்ணிச் செய்தார் என்பது புலனாகும். 2016 இல் வந்த அவர்தம் கட்டையில், திருகாணியைக் கண்ணளவாக இறுக்கித் தளர்த்தும் பழைய தொல்லைக்கு மாற்றாக, நிறத்தால் வேறுபட்ட சிறு மரைகள் இடம்பெற்றன. இன்ன நிறம் இன்ன இறுக்கம் என்று வரையறுத்தமையால், ஆறு பக்கமும் ஒரே அளவாயின. விரல் வலியோர்க்கு ஒன்று, மென்மையாகத் திருப்புவோர்க்கு ஒன்று எனக் கட்டை ஆளுக்கேற்ப அமையலாயிற்று.

காந்தத்தின் கதை இதனினும் சுவையுடையது. அது தொழிற்சாலையிற் பிறந்ததன்று. விரைந்து திரும்பும் கட்டைக்கு ஒரு புதிய நோய் வந்தது: வேண்டிய இடத்தில் நில்லாமல் கடந்தோடுதல். அதற்கு மருந்தாக, 2016 அளவில் ஆர்வலர் சிலர் தம் கட்டைகளைப் பிரித்து, விளிம்பும் மூலையும் தொடும் இடங்களில் உட்புறமாகச் சிறு காந்தங்களை ஒட்டினர். அத்தகைய இடங்கள் 24; இரு பக்கமும் சேரக் காந்தம் 48. அடுக்கு நேர்நிலையை நெருங்கும்போது காந்தங்கள் ஒன்றையொன்று பற்றி, மெல்லென ஓர் இழுப்பைத் தந்து நிறுத்தும். கண் காணுமுன் விரல் அறியும். 2017 முதல் தொழிற்சாலைகளே காந்தம் பதித்து விற்கலாயின. 2021 இல் ஸ்பிரிங்கையே நீக்கி, ஒன்றையொன்று தள்ளும் காந்தங்களை அதன் இடத்தில் வைத்த கட்டைகள் வந்தன. உராய்வு அதனால் மேலும் குறைந்தது.

விதியாளர் இவற்றையெல்லாம் எங்ஙனம் ஏற்றனர் எனக் கேட்கலாம். போட்டியாளர் தம் சொந்தக் கட்டையையே கொண்டு வரலாம். எந்நிறுவனத்தது ஆயினும் தடையில்லை. காந்தமும் எண்ணெயும் விலக்கப்படவில்லை. மின்கருவி மட்டும் கூடாது. ஆதலின் 2019 இல் கான் நிறுவனத்தார் செய்த, கைப்பேசியோடு பேசும் கட்டை வீட்டுப் பயிற்சிக்கே உரியது. கலைக்கும் முறையைக் கணிப்பொறி வகுக்கும். ஒரு குழுவினர் அனைவர்க்கும் ஒரே கலைப்பு. பார்த்து எண்ணுதற்குப் பதினைந்து விநாடி. ஐந்து முயற்சிகளுள் சிறந்ததும் தாழ்ந்ததும் நீக்கி, எஞ்சிய மூன்றின் சராசரியே கணக்கு. கட்டையை வைக்கும்போது ஓரடுக்கு 45 பாகைக்கு மேல் கோணி நின்றால் இரண்டு விநாடி தண்டம். நிறத்தாள் ஒட்டாது பிளாஸ்டிக்கே நிறமாய் அமைந்த கட்டைகளை 2015 வரை ஏற்றிலர். திருப்பும்போது இடைவெளி வழியே மறுபக்கத்து நிறம் தெரியும். அது அறமன்று என்பது அவர் கருத்து. பின்னர் மனம் மாறினர். இன்று ஒட்டுத்தாள் உள்ள கட்டையைப் போட்டி மண்டபத்தில் தேடிப் பிடித்தல் அரிது.

நேரங்களும் இறங்கின. 2018 நவம்பரில் சீனத்து டூ யூஷெங் 3.47, 2023 ஜூனில் அமெரிக்கர் மாக்ஸ் பார்க் 3.13, 2025 ஏப்ரலில் கெங் சுவான்யி என்னும் ஏழு வயதுச் சீனக் குழந்தை 3.05. நம் நாட்டாரும் இவ்விளையாட்டில் தமக்கெனப் புது வழிகள் கண்டனர். 2020 இல் சென்னை இளையராம் சேகர் என்பார் நீருக்குள் மூழ்கி, ஒரே மூச்சில், 2 நிமிடம் 17 விநாடியில் ஆறு கட்டைகளை ஒழுங்குசெய்து கின்னஸ் பதிவு பெற்றார். அங்கு விரலினும் மூச்சே வென்றது என்பது எம் கருத்து.

நிற்க. எம் வீட்டிற்கு வருவோம். எம் வீட்டில் முதலில் இருந்த கட்டை, ஊர்த் திருவிழாக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. 2018 நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் எம் பகுதியைச் சூறையாடியது படிப்போர் நினைவிலிருக்கும். தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. எம் தந்தையாரின் தோப்பில் அறுபது மரங்களுள் ஒன்பது நின்றன. மின்சாரம் பல நாள் இல்லை. அவ்விரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் யாமும் ஏழு வயதுத் தம்பியும் அக்கட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தோம். அவ்வொளியில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றாகவே தோன்றும். நீலமும் பச்சையும் அவ்வாறே. ஒரு முகம் சேர்ந்தது என்று துயின்று, விடிந்து பார்க்கின் சேர்ந்திராது. தம்பிக்கு இவ்விளையாட்டில் பற்று விழுந்தது அப்போதுதான்.

அவன் முப்பது விநாடிகளை நெருங்கியபோது, கான் கட்டை ஒன்று வேண்டும் என்றான். விலை பல ஆயிரம். தந்தையார் சினந்திலர், விலையைத் தேங்காய்க் கணக்கில் மாற்றிப் பார்த்தார். அந்நாள் விலையில் ஐந்நூறு காய்க்கு மேலாயிற்று. தம்பி மறுபடி அப்பேச்சை எடுக்கவில்லை. வெளிநாட்டு விளையாட்டுப்பொருள்களுக்குச் சுங்கவரி 2020 இல் நூற்றுக்கு 20 என்பதிலிருந்து 60 ஆகவும், 2023 இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 தொடக்கமுதல் இந்தியத் தர முத்திரையும் கட்டாயமாயிற்று. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நன்றே. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளுக்குத் தரம் வேண்டுவதும் நன்றே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குப் பொம்மையாகத் தோன்றுவது, சிறுவன் ஒருவனுக்கு ஓட்டக்காரனின் காலணி போன்றது என்பதை வரி வகுப்பு அறிய வழியில்லை. முடிவில், கிறிஸ்துமஸ் புத்தாடை வேண்டா என்று அவனே கூற, அப்பணத்தில் மோயூ நிறுவனத்தின் மலிவான காந்தக் கட்டை ஒன்று வந்தது. அதன் விலை ஆயிரம் ரூபாயினும் குறைவு.

மேற்கூறிய ஐயத்தைத் தீர்த்தற்கு, போட்டி முடிந்து வந்த வாரத்தில் ஒரு சோதனை செய்தோம். திருவிழாக் கட்டையில் யாம் ஐந்து முறை முயன்றதன் சராசரி 1 நிமிடம் 52 விநாடி; காந்தக் கட்டையில் 1 நிமிடம் 44 விநாடி. நல்ல கருவி எமக்கு ஈந்தது எட்டே விநாடி, நூற்றுக்கு ஏழு வீதம். எம் நேரம் திருப்புதலிற் செல்வதன்று. 'அடுத்தது யாது' என்று விழித்திருத்தலிற் செல்வது. தம்பிக்கோ திருவிழாக் கட்டையில் 34 விநாடி; காந்தக் கட்டையில் 21. மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. விநாடிக்கு இரண்டு திருப்பங்கூடத் திருப்பாதவனுக்குக் கட்டை பூட்டிக்கொள்வதால் பெரிய இழப்பில்லை; மூன்று நான்கு திருப்புவோனுக்கு ஒவ்வொரு பூட்டும் கண்ணியாகிறது; பத்துத் திருப்புவோனுக்கு அக்கட்டையில் விளையாடுதலே இயலாது. கருவி கொடுப்பது எல்லார்க்கும் ஒரே அளவன்று. கை எவ்வளவு கற்றதோ அவ்வளவிற்கே அது கொடுக்கிறது.

ஆயின் விலையேறிய கட்டை மேலும் கொடுக்குமோ? இதற்கும் விடை கிடைத்தது. போட்டி மண்டபத்தில் அருகிருந்த சிறுவன் ஒருவன் தன் உயர்ந்த கட்டையைத் தம்பியிடம் தந்து, வேண்டுமட்டும் திருப்பிப் பார் என்றானாம். பத்துமுறை திருப்பியும் நேரம் குறையவில்லை. இரண்டு மூன்று முறை கூடவும் செய்தது. ஐம்பது ரூபாய்க் கட்டைக்கும் ஆயிரம் ரூபாய்க் கட்டைக்கும் இடையே இருந்தது ஒரு மதில். ஆயிரத்திற்கும் அதற்கு மேற்பட்டதற்கும் இடையே இருந்தது, அவன் நிலையில், ஒரு கோடு. மூன்று நான்கு விநாடியில் முடிப்பார்க்கு அக்கோடும் மதிலாகலாம். 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய நாட்டு அபேபே பிகிலா வெறுங்காலுடன் நெடுந்தூரம் ஓடி வென்றார் என்பதை இதற்கு எதிர்ச்சான்றாக நண்பர் ஒருவர் கூறினார். பாதையில் கால் பூட்டிக்கொள்வதில்லை என்று விடை கூறினோம். அவர் ஒப்பவில்லை.

மின் தாய் கொண்டு வென்ற கட்டையும் எம் திருவிழாக் கட்டையும் ஒன்றல்ல; ஆகவே அவ்விருவரையும் நேராக ஒப்பிட எமக்கு உரிமையில்லை. எனினும் 34 என்னும் எண்ணைத் தம்பியிடம் காட்டினோம். அவன் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாட் காலையில் திண்ணையில் பழைய கட்டை 26 துண்டாய்ப் பிரிந்து கிடந்தது. அருகே உப்புத்தாளும், தையல் இயந்திரத்து எண்ணெயும். மூலைகளின் உட்புறத்தை வளைவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதனையும் இருபத்திரண்டிற்குக் கொண்டுவருவானாம். யாம் கல்லூரிக்குத் திரும்பும் நாளில் அது 31 இல் நின்றது.